ஆட்டுக்கல்லில் அரைபட்ட ரகசியங்கள்

எங்கள் கம்பெனியின் ரகசியங்களை நாங்கள் வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்தோம். இதைச் சொன்னால் என் மகன் நம்புவதில்லை. அவன் வேலை பார்க்கும் ஆபீசில் தாளைச் சேமியா மாதிரி கிழித்துத் தள்ளும் மெஷின் இருக்கிறதாம். அதெல்லாம் இந்தக் காலத்துச் சமாச்சாரம் என்று எனக்கு வகுப்பெடுக்கிறான். சேமியாவைப் பொறுமையாக ஒட்டவைத்துப் படித்துவிடலாம், மாவை எவனப்பா படிப்பான் என்று கேட்டால் மட்டும் செல்போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறான்.

எண்பதுகளில் நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். வீடு விழுப்புரம். காலை பாசஞ்சரில் ஏறினால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நின்று நின்று ஏழு இருபத்தைந்துக்குத் திண்டிவனத்தில் கொண்டுபோய் விடும். பஸ் கம்பெனியில் வேலை செய்கிறவள் ரயிலில் போகிறாளே என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். உங்கள் பஸ்ஸில் ஏறி உயிரோடு வந்து சேர எனக்கு ஆசை இருக்கிறது, தைரியம்தான் இல்லை என்பேன்.

என்னை வேலைக்கு அனுப்ப அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "உன் மேல ஒரு புகார் வரட்டும், அன்னிக்கே வூட்டோட ஒக்காந்துக்கணும்." அவர் விளையாட்டாகச் சொல்கிறவர் இல்லை. டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் முடித்தவள் நான். வீட்டோடு உட்கார்ந்து கட்டில் காலையா டைப் அடிக்க முடியும்? எனக்கு அந்த வேலையும் பிடிக்கும், ரயில் ஜன்னலும் பிடிக்கும், முக்கியமாக, காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும் அந்த நிமிஷம் ரொம்பப் பிடிக்கும். அதனால் புகார் என்ற சொல் என் பக்கமே வராமல் பார்த்துக்கொண்டேன்.

ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ரப்பர் வேகும் நாற்றம் நாள் முழுக்க மேலே வரும். ஆபீஸில் மூன்றே பேர். முதலாளி, நான், பெருக்கித் துடைத்து டீ போட்டுத் தரும் அக்கா. அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். முதலாளியை எதிர்த்துப் பேசும் உரிமையை அவளே எடுத்துக்கொண்டிருந்தாள்.

முதலாளிக்கு நான்கு பஸ். அவர் பயந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். விழுப்புரத்தில் ஐந்து பஸ் வைத்திருந்த அவருடைய சொந்தச் சகலை. இரண்டு பேரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். பெண்டாட்டிமார் இருவரும் உயிருக்கு உயிர். புருஷன்மார் கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் பாயசம் போடச் சொல்லி உபசரித்துக்கொண்டே, மனசுக்குள் மற்றவர் பஸ்ஸின் டயரைப் பஞ்சராக்கிக்கொண்டிருப்பார்கள்.

பஸ் தொழிலில் பஸ் பெரிய விஷயமே இல்லை. டைம்தான் விஷயம். ஒரு ரோட்டில் எத்தனை மணிக்கு வண்டி எடுக்கப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்து, கடலூரில் அதிகாரிகள் போடும் கூட்டத்தில் அனுமதி வாங்க வேண்டும். நாம் ஒன்பதே காலுக்குக் கேட்டிருப்பது இன்னொருவனுக்குத் தெரிந்துவிட்டால், அவன் ஒன்பது பத்துக்குக் கேட்பான். ஐந்து நிமிஷம் முன்னால் போகிற வண்டி ரோட்டில் நிற்கிற ஜனத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும். பின்னால் போகிற வண்டிக்கு மிஞ்சுவது தூசிதான். ஆகவே விண்ணப்பத்தில் டைப் அடிக்கிற அந்த டைம் இருக்கிறதே, அதுதான் எங்கள் பொக்கிஷம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படியே நடந்தது. நாங்கள் ஒன்பதே கால் கேட்டோம், சகலை ஒன்பது பத்து கேட்டு வாங்கிவிட்டார். எப்படிக் கசிந்தது என்று முதலாளி மண்டையை உடைத்துக்கொண்டார். ஒரு நாள் விழுப்புரம் போனவர் ஜங்ஷன் வாசலில் வறுத்த வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, வாங்கியிருக்கிறார். தின்றுகொண்டே வந்தவர் பொட்டலத் தாளைப் பார்த்தால், அதில் அவருடைய கையெழுத்து. எங்கள் ஆபீஸ் பழைய பேப்பர் கடைக்குப் போட்ட வரைவுத் தாள்! மல்லாட்டையை முழுக்கத் தின்று முடித்து, தாளை நீவி நான்காக மடித்துக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தார்.

"பாத்தியாம்மா? நம்ம கம்பெனிய விழுப்புரமே கொறிச்சிக்கினு இருக்குது!"

சகலை மல்லாட்டைப் பிரியர்தானா என்று எனக்குத் தெரியாது. முதலாளிக்கு அதில் சந்தேகமே இல்லை. அன்றிலிருந்து எங்கள் ஆபீஸிலிருந்து ஒரு துண்டுத் தாள் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. எல்லாவற்றையும் கொளுத்திவிட வேண்டியது.

அக்கா தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். தாள் கட்டு அப்படியே அவள் இடுப்பில் இருந்தது.

"என்னால முடியாது மொதலாளி. வேற ஆளப் பாத்துக்கங்க."

"இன்னாத்துக்கு?"

"ஒவ்வொரு தாள்லயும் புள்ளையார் சுழி போட்டு வெச்சிருக்கீங்களே! புள்ளையார எப்டி கொளுத்துறது? எனக்கு ரெண்டு பொண்ணுங்க கல்யாணத்துக்கு நிக்குதுங்க."

முதலாளி கட்டிலிருந்து ஒரு தாளை உருவிப் பார்த்தார். தப்பு அவர் மேல்தான். டீக்கடைக்குச் சீட்டு எழுதினாலும் மேலே சுழி போட்டுவிட்டுத்தான் ‘டீ 3’ என்று எழுதுவார். அடித்துத் திருத்தும் வரைவிலும் சுழி, கசக்கிப் போடும் தாளிலும் சுழி. சுழி போடாமல் எழுதுங்களேன் சார் என்றேன். என்னை அவர் பார்த்த பார்வையில் நான் டைப் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுழியை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டு மீதியைக் கொளுத்தலாம் என்று அவரே ஒரு யோசனை சொன்னார். கத்தரித்த நூறு பிள்ளையாரை என்ன செய்வது என்று அக்கா கேட்டாள்.

கடைசியில் வழி சொன்னதும் அவள்தான். "புள்ளையார தண்ணில கரைக்கலாம். அது தப்பில்ல. வருஷா வருஷம் ஏரில கரைக்கிறோமே."

ஏரிக்கு அவ்வளவு தூரம் ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு போக முதலாளி சம்மதிக்கவில்லை. அதனால் ஆபீஸ் பின்கட்டில் ஒரு மண்பானை வந்தது. தாளைக் கிழித்துப் பானையில் ஊறப்போடுவது, மூன்றாம் நாள் எடுத்து வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் அரைப்பது, அரைத்த கூழைக் கவிழ்த்த குண்டான் மேல் அப்பிக் காயவைத்துக் கூடையாகக் கழற்றுவது. முறத்துக்கும் கூடைக்கும் பூச எல்லா வீட்டிலும் பெண்கள் செய்கிற வேலைதான். அக்கா அதை ஆபீஸ் நடைமுறையாக்கிவிட்டாள். ஆட்டுக்கல்லை மாடிக்கு ஏற்ற டயர் கடைக்காரர்கள் இருவர் கை கொடுத்தார்கள். இட்லிக் கடை போடப் போறீங்களா என்று கேட்டார்கள். முதலாளி ஆமாம் என்றார். ரகசியம் காக்கப் பொய் சொல்லலாம் என்பது அவர் கட்சி.

மாதத்துக்கு இரண்டு கூடை வந்தது. ஒன்றில் என் குண்டூசி. ஒன்றில் முதலாளி உரித்த மல்லாட்டைத் தோல். எங்கள் கம்பெனியின் மேலான திட்டங்கள் எல்லாம் இப்படி ஒரு நல்ல காரியத்துக்கு ஆயின. மழைக்காலத்தில் மட்டும் ஆபீஸ் முழுக்க வெந்தய வாடை அடிக்கும். பெர்மிட் விஷயமாக வந்த ஒருவர், யாருக்காவது சர்க்கரை வியாதியா என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

அரைக்க முடியாதது ஒன்றே ஒன்று. கார்பன் தாள். ஒரு தடவை அக்கா அதையும் சேர்த்து அரைத்து, கூழ் கருநீலமாகி, அவள் கையும் நீலமாகி, மூன்று நாள் அந்தக் கையோடு அலைந்தாள். "இந்தப் பேஜாரு புடிச்ச வேலைக்கு நான் வரல" என்றாள்.

கார்பனுக்கு முதலாளி தனியாக ஒரு சட்டம் போட்டார். பஸ் டிரிப் ஷீட்டு போன்ற சாதாரணத் தாளுக்கு நான் வழக்கம்போல் ஒரே கார்பனை அது வெளுக்கும் வரை போட்டு அடிக்கலாம். ரகசிய லெட்டர் என்றால் மட்டும் புதுக் கார்பன். அதை அவர் பூட்டிய டிராயரிலிருந்து எண்ணி எடுத்துக் கொடுப்பார். ஒரே தரம்தான் போடலாம். அடித்து முடித்ததும் அவர் கையில் திருப்பித் தந்துவிட வேண்டும். ஒரு அட்டைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பீரோவில் பூட்டிவிடுவார். டிராயரில் எத்தனை மிச்சம் என்பது எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவருக்குத் தெரியும்.

இந்தச் சட்டம் எனக்கு அவமானமாக இருந்தது. கார்பன் என்ன கோஹினூர் வைரமா? நான் என்ன திருடியா? ஆனால் வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் நிபந்தனை ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அடுத்த திட்டத்துக்கு விதை போட்டது நான்தான். தினமும் என்னோடு பாசஞ்சரில் வரும் டீச்சர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வல்லம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வேலை. ஏழு இருபத்தைந்துக்கு இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்து, எட்டு இருபது வரைக்கும் வண்டி இல்லாமல் நிற்பார்கள். ஏழு நாற்பதுக்கு ஒரு வண்டி எடுத்து, வல்லம், மேல்சித்தாமூர் வழியாகச் செஞ்சிக்கு விட்டால் கூட்டம் தானாக வரும் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். கதவைத் தாழ் போட்டார். பிறகு, "மெதுவா சொல்லு" என்றார். நான் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தேன்.

மறுநாளே விண்ணப்பம். விஷயத்தை அவர் எழுதித் தந்தார், நான் நடையை அழகுபடுத்தினேன். "மேல்சித்தாமூர் மடத்தை நாடி வரும் அன்பர்களின் கால்நோவு தீர" என்று ஒரு வரி சேர்த்தேன். அந்தக் ‘கால்நோவு தீர’ எனக்கு ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

அவர் ஒரு புதுக் கார்பனை எடுத்துக் கொடுத்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். பின்னால் ஆள் நின்றால் எனக்குக் கை ஓடாது. ஓடியது, ஆனால் தப்பாக ஓடியது. டெலிபோன் அடித்து அவர் உள்ளே போன பிறகு தாளை உருவிப் பார்த்தேன். ‘காலை 7.40’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘காலை 7.04’ என்று இருந்தது.

இன்னொரு புதுக் கார்பன் வேண்டும் என்றால் அவரைக் கேட்க வேண்டும். ரகசிய லெட்டரில் தப்பா, அதுவும் டைமில் தப்பா என்று குதிப்பார். அவர் டெலிபோனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், என் மேஜையில் கிடந்த டிரிப் ஷீட்டுக் கார்பனை எடுத்து வைத்து மொத்த லெட்டரையும் ஜல்தி ஜல்தியாக மறுபடி அடித்தேன். இந்தத் தடவை 7.40. தப்பாக அடித்த தாளையும் நகலையும் கிழித்து, நானே பின்கட்டுக்குப் போய்ப் பானைக்குள் அமுக்கினேன். மூன்றாம் நாள் கல்லை ஆட்டியதும் நான்தான். அக்காவே ஆச்சரியப்பட்டாள்.

டெலிபோனை வைத்துவிட்டு முதலாளி வந்தார். சரியான லெட்டரில் கையெழுத்துப் போட்டார். புதுக் கார்பனைத் திருப்பிக் கொடுத்தேன். அட்டைக்குள் வைத்துக்கொண்டார். கணக்கு சரியாக இருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கடலூரில் கூட்டம். போய்விட்டு மறுநாள் காலை ஆபீஸுக்கு வந்தவரின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. நேராக என் மேஜைக்கு வந்து, டைப் மெஷினின் மேல் உறையைப் போட்டு மூடினார்.

"நாளைலேர்ந்து வர வேணாம்மா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விஷயம் தெரிந்தது. அதே ரோட்டுக்கு, அதே வல்லம், மேல்சித்தாமூர் வழியில், சகலையும் டைம் கேட்டிருக்கிறார். அது போகட்டும். அவர் விண்ணப்பத்தைச் சத்தமாகப் படித்தபோது அதிலும் ‘அன்பர்களின் கால்நோவு தீர’ என்று வந்திருக்கிறது. கூட்டத்தில் இருந்த அதிகாரி, உங்க ரெண்டு பேருக்குமே ஒரே கால்நோவா என்று கேட்க, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

"அது நீ எழுதுன வரி. இந்த ஆபீஸ்ல அந்த வரி தெரிஞ்சது ரெண்டே பேரு. நான் சொல்லல. நீ தெனம் விழுப்புரத்துலேர்ந்து வர்றவ. நான் வேற இன்னான்னு நெனைக்கிறது? உங்கப்பாவுக்கு ஒரு லெட்டர் போட்டுட்டு..."

அப்பாவுக்கு லெட்டர் என்றதும் எனக்கு அழுகை வந்தது, அதற்கு முந்திக்கொண்டு கோபம் வந்தது. நான் அழுதால் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடுவேன். கோபப்பட்டால் நிறுத்தத் தெரியாது.

இதற்குள் அவர் பாதி சந்தேகத்தை ஆட்டுக்கல் மேலும் வைத்திருந்தார். என் குண்டூசிக் கூடையை எடுத்து, ஊசிகளைக் கொட்டிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அரைபடாத எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘லன்’ என்று ஒன்று தெரிந்தது. அது எந்த வார்த்தையின் வால் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அக்கா பின்கட்டிலிருந்து வந்து கூடையை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"நான் அரைச்சத எவனாவது படிச்சிட்டான்னா நான் இந்தக் கல்லுலயே முட்டிக்கிறேன்! வூட்டுக்குக்கூட நான் இவ்ளோ நைசா அரைச்சது கெடையாது!"

அவள் கத்தியதில் எனக்கு மூச்சு வாங்க நேரம் கிடைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"சார், அவரு எத்தனை மணிக்கு டைம் கேட்டிருக்காரு?"

"அதான் எனக்கும் வெளங்கல. ஆறு அம்பத்தொம்போது. எவனாவது அப்டி ஒரு டைம் கேப்பானா?"

ஆறு ஐம்பத்தொன்பது. என் தலைக்குள் ஏதோ டங்கென்று விழுந்தது. சகலையின் குணம் ஊருக்கே தெரியும். ரோட்டைப் போய்ப் பார்க்க மாட்டார், ஜனத்தை விசாரிக்க மாட்டார். எங்கள் டைமில் ஐந்து நிமிஷத்தைக் கழிப்பார், அவ்வளவுதான். ஆறு ஐம்பத்தொன்பதோடு ஐந்தைக் கூட்டிப் பார்த்தேன். ஏழு நாலு. அந்த ஏழு நாலு இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. என்னுடைய தப்பில்.

இப்போது எனக்கு வந்த இக்கட்டைப் பாருங்கள். நான் நிரபராதி என்று காட்ட வேண்டுமானால், ஒரு மாதமாக மறைத்து வைத்திருந்த குற்றத்தை நானே ஒப்புக்கொள்ள வேண்டும். டைமைத் தப்பாக அடித்தேன், உங்கள் சட்டத்தை மீறிப் பழைய கார்பனைப் போட்டேன், ஒன்றும் நடக்காதது போல் உங்களிடம் கார்பனை நீட்டினேன். இதில் எதற்கு வேண்டுமானாலும் அப்பாவுக்கு லெட்டர் போடலாம். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கக் கோபம் விடவில்லை. எல்லாவற்றையும் கடகடவென்று கொட்டிவிட்டேன்.

"விலைக்கு வித்திருந்தா சரியான டைமைத்தானே சார் வித்திருப்பேன்? ஏழு நாப்பதுன்னு சொன்னதே நான்தானே? தப்புத் தாளை நானே அரைச்சேன். மிச்சம் இருந்தது அந்தப் புதுக் கார்பன் ஒண்ணுதான். அது உங்ககிட்டதான் இருக்குது!"

பழைய கார்பனில் நூறு ஷீட்டு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி எதுவும் தெரியாது. ஒரே தரம் போட்ட புதுக் கார்பனை வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரியும். பாதுகாப்புக்காக அவர் போட்ட சட்டம், லெட்டரை அச்சுப் போலப் பத்திரப்படுத்திக் கொடுத்திருக்கிறது. இது அவருக்குப் புரிய அரை நிமிஷம் பிடித்தது.

"அது பீரோல இல்ல இருக்குது? சாவி என் வூட்டுக்காரிகிட்ட..." என்று சொல்லிக்கொண்டே கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

அந்தக் கைக்குட்டைகளை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் அவர் மனைவி கையால் போட்ட பூ இருக்கும். ரோஜா, மயில், சில நாள் வாத்து. அன்றைக்கு இருந்தது ஒரு பாதி ரோஜா. இரண்டு இதழுக்கு நூல் ஓடியிருந்தது, மூன்றாவது இதழ் இன்னும் வெறும் கோடாகத்தான் இருந்தது. நீலக் கோடு.

"சார், துணி மேல அந்தக் கோட்ட அம்மா எத வெச்சி போடுறாங்க?"

அவர் கைக்குட்டையை விரித்துப் பார்த்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காதான் முதலில் சிரித்தாள். எம்பிராய்டரி போடுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும், படத்தைத் துணியில் இறக்க நல்ல கார்பன் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று. ஒரே தரம் போட்ட புதுக் கார்பன், அதுவும் பீரோ நிறைய என்றால் விடுவார்களா?

அவர் வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானத்துக்கு மேல் வந்தார். குரல் இறங்கியிருந்தது. மனைவியை அவர் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் இல்லை. பேச்சோடு பேச்சாக விசாரித்ததில், தன் தங்கச்சி, அதாவது சகலையின் மனைவி, தலையணை உறைக்குப் பூப் போடுகிறாள் என்று ஆறு கார்பனை விழுப்புரத்துக்குக் கொடுத்தனுப்பியது தெரிந்தது. பஸ்ஸில்தான். எங்கள் பஸ்ஸில்தான்! எங்கள் கண்டக்டரே பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். தங்கச்சி படத்தையும் கார்பனையும் ஜன்னல் கம்பியில் சாத்தி வைத்துவிட்டு ஊசி தேடப் போயிருப்பாள், சகலை டீ குடித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார். அப்படித்தான் நடந்திருக்கும் என்று நாங்கள் மூன்று பேரும் முடிவு கட்டினோம்.

என் மேஜைக்கு வந்து டைப் மெஷினின் உறையை அவரே எடுத்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "அந்த டிரிப் ஷீட்ட அடிச்சிடு" என்றார். எனக்கு அன்றைக்கு முழுக்க ஆறவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் ஆணி அடிப்பது போல அடித்தேன். சாயங்கால ரயிலில் போய் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. கீரையில் உப்பு அதிகம் என்று அம்மாவிடம் சண்டை போட்டேன்.

பிறகு இரண்டு டைமுக்கும் அனுமதி வந்தது. சகலைக்கு 6.59. எங்களுக்கு 7.40. முதல் நாள் நான் ரயிலை விட்டிறங்கி டீச்சர்களோடு ஓட்டமும் நடையுமாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சகலையின் வண்டி அதற்கு வெகுநேரம் முன்பே கிளம்பிப் போய்விட்டதாம். டிரைவர், கண்டக்டர், இரண்டு காலிப் பால் கேன், தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், இவ்வளவுதான் கூட்டம் என்று பூக்காரம்மா சொன்னாள். அது கிளம்பும்போது எங்கள் பாசஞ்சர் மயிலத்தைக்கூடத் தாண்டியிருக்காது. எங்கள் வண்டி நின்றுகொண்டு வரக்கூட இடமில்லாமல் வல்லத்துக்குப் புறப்பட்டது. கணக்கு டீச்சர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "எந்த மகராசன் இந்த டைமக் கண்டுபுடிச்சானோ, நல்லாருக்கணும்" என்றார். மகராசி என்று திருத்த வாயெடுத்தேன், கம்பெனி ரகசியம் என்பதால் விழுங்கிவிட்டேன்.

மனைவிக்குக் கார்பன் போவதை முதலாளி நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று சொன்னால் அக்கா தங்கைக்குள் சண்டை வரும் என்றார். அதற்குப் பதிலாக என்னிடம் ரகசியமாக ஒரு வேலை கொடுத்தார். இனிமேல் ஒவ்வொரு ரகசிய லெட்டரையும் முதலில் புதுக் கார்பனில் தப்பாக ஒரு தரம் அடிக்க வேண்டியது. சரியானதைப் பழைய கார்பனில் அடிக்க வேண்டியது. தப்பு டைம் எதைப் போடுவது என்பதை நானே தீர்மானிக்கலாம். நான் எவ்வளவு ரசித்துச் செய்த வேலை தெரியுமா! சகலை ஒரு வருஷம் முழுக்க விடியற்காலையிலும் உச்சி வெயிலிலும் வண்டி விட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டுத் தலையணை உறைகளில் பூக்கள் பெருகிக்கொண்டே போயின.

அந்த வேலையைச் சொன்ன அன்றைக்குத்தான் அவர் டிராயர் சாவியைத் தன் கொத்திலிருந்து கழற்றி, என் குண்டூசிக் கூடையில் போட்டார். முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு பேசினார்.

"கார்பன் எல்லாம் உள்ள இருக்குது. நீயே எடுத்துக்க. எத்தன இருக்குதுன்னு நான் எண்ணல."

அவர் எண்ணாமல் ஒரு பொருளைக் கொடுத்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் பார்த்ததில்லை. சரி சார் என்றேன்.

அவர் போன பிறகு டிராயரைத் திறந்து நான் எண்ணினேன். முப்பத்தொன்று இருந்தது.